மாதவிடாய் நின்ற பின் மாதர்க்கு நேரும் மனச்சோர்வும் மனக்கலக்கமும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் கேரள எல்லைக்குள் அமைந்த கடைசி நிலையம் பாறசாலை. அதற்கு வடக்கே, நெய்யாற்றின் ஓரமாக, தாலுகாவின் தலைநகரமாகிய நெய்யாற்றின்கரை உள்ளது. தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. இவற்றைச் சூழ்ந்த கொல்லயில், குன்னத்துகால், செங்கல், காரோடு, வெள்ளறடை முதலிய ஊர்களில் மலையாளமும் தமிழும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து பேசப்படுகின்றன.

இவ்வூர்களின் சுகாதார நிலையங்களுக்கு ஐம்பது வயதை ஒட்டிய பெண்கள் கொண்டுவரும் முறையீடுகள் பெரும்பாலும் உடலைப் பற்றியனவாகவே இருக்கும். உறக்கம் இல்லை என்பர். நெஞ்சு படபடக்கிறது, உடம்பு எரிகிறது, கைகால் குடைகிறது என்பர். மனத்தைப் பற்றிய பேச்சு எழாது. எழுந்தாலும், "தூரம் நின்ற வயது, அப்படித்தான் இருக்கும்" என்று உடன் வந்தவர் முடித்துவிடுவார். பல வேளைகளில் நோயுற்றவளே அவ்வாறு முடித்துக்கொள்வாள். அக்கூற்றில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிழை சிறிதாயினும் அதன் விலை பெரிது. தீரக்கூடிய ஒரு நோய், வயதின் இயல்பு என்று பெயர் சூட்டப்பட்டமையால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் தீராமலே கிடக்க நேரிடுகிறது.

உடலில் நிகழ்வது யாது?

பெண் சிசு பிறக்கும்போது அதன் சூலகங்களில் பத்து இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை கருமுட்டைப் பைகள் உள்ளன. பூப்பெய்தும் பருவத்தில் அவை மூன்று அல்லது நான்கு இலட்சமாகக் குறைந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படும் முட்டைகள் ஏறத்தாழ நானூறு மட்டுமே. ஏனையவை தாமே அழிந்துபோகின்றன. எஞ்சியவை ஆயிரம் அளவுக்குக் குறையும்போது சூலகம் தன் தொழிலை நிறுத்துகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் தோன்றாவிடின், கடைசியாகத் தோன்றியதையே இறுதி மாதவிடாய் என மருத்துவர் கொள்வர். உலகெங்கும் பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதிற்கும் 55 வயதிற்கும் இடையே நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46 அல்லது 47 வயதில், மேனாட்டாரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே, நிகழ்ந்துவிடுகிறது.

இம்மாறுதல் ஒரே நாளில் நேர்வதன்று. இறுதி மாதவிடாய்க்குச் சில ஆண்டுகள் முன்னரே ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் அளவு நிலைகுலையத் தொடங்குகிறது. அது சீராகக் குறைந்துகொண்டே செல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஒரு மாதம் மிகுந்தும் மறுமாதம் குன்றியும் ஏறியிறங்கி, அதன் பின்னரே தாழ்ந்த நிலையில் அமைகிறது. ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டும் உரிய பொருளன்று. மூளையில் மனநிலையையும் உறக்கத்தையும் ஆளும் செரோட்டோனின் முதலிய இரசாயனங்களின் உற்பத்தியிலும் சிதைவிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே அதன் ஏற்ற இறக்கத்தால் சிலருடைய மனநிலை தளம்புவதில் வியப்பில்லை.

இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. உடலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நடுநிலையம் மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதாலமஸ் என்னும் பகுதியில் உள்ளது. ஈஸ்ட்ரோஜன் குன்றியதும் அங்குள்ள சில நரம்பணுக்கள் மிகையாகச் செயற்படத் தொடங்குகின்றன. அதனால் வெப்பம் இம்மியளவு உயர்ந்தாலும் உடல் தன்னைக் குளிர்விக்க முனைந்து, முகமும் மார்பும் சிவக்க, வியர்வை பெருகுகிறது. அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில் இத்தகைய வெப்ப அலைகள் அடிக்கடி கண்ட பெண்களுக்கு அவை நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள் என்று தெரிந்தது. இரவில் இவை எழும்போது உறக்கம் துண்டுதுண்டாகிறது. ஓராண்டு நன்கு உறங்காத எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், எரிச்சலும் சோர்வும் அடைவரென்பது அறிந்ததே. எனவே சூலகத்தின் மாறுதல் மனத்தைத் தொடும் பாதைகளுள் உறக்கக் கேடும் ஒன்று. அதுவே எளிதில் கவனிக்கக்கூடியதும் ஆகும்.

பழைய கொள்கையும் அதன் வீழ்ச்சியும்

'மெனோபாஸ்' என்னும் சொல்லை ஆக்கியவர் கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1816இல் அவர் வழங்கிய வடிவம் 1821இல் இன்றைய உருவை அடைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மனநோய் வல்லுநர் எமில் கிரேப்பலின், நடுவயது கடந்தோர்க்கு வரும் ஒரு தனிவகை மனச்சோர்வைப் பிரித்துக் கூறினார். உடல் தளரும் பருவத்திற்கே உரிய துயரநோய் என்று அது பாடப்புத்தகங்களில் இடம்பெற்றது. அவருடைய மாணாக்கர் டிரைஃபஸ் 1907இல் அதே நோயாளிகளின் பிற்கால வரலாற்றை ஆராய்ந்து, இது தனி நோயன்று என்று காட்டினார். கிரேப்பலினும் அதனை ஒப்புக்கொண்டார். ஆசிரியர் கைவிட்ட கொள்கையை உலகம் கைவிடவில்லை என்பது விஞ்ஞான வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் 1968இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலிலும் அப்பெயர் காணப்பட்டது. மிர்னா வைஸ்மன் என்னும் ஆராய்ச்சியாளர் 1979இல், மாதவிடாய் நிற்கும் வயதில் தோன்றும் மனச்சோர்வு பிற வயதுகளில் தோன்றுவதினின்று எவ்விதத்திலும் வேறுபடுவதில்லை என்று சான்றுகளுடன் எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த பட்டியலில் அந்நோய்ப் பெயர் நீக்கப்பட்டது.

பெயர் நீங்கினும், அப்பருவத்திற்கும் மனநிலைக்கும் தொடர்பே இல்லையென்று பொருளாகாது. அமெரிக்காவில் 1996 முதல் ஏழு நகரங்களில் 3,302 பெண்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்த ஆராய்ச்சியில், மாதவிடாய் ஒழுங்காக இருந்த காலத்தைவிட அது நிற்கும் தறுவாயிலும் நின்ற உடனேயும் சோர்வுக் குறிகள் மிகுந்து காணப்பட்டன. பிலடெல்பியா நகரில் எலன் ஃபிரீமன் குழுவினர், முன்னர் மனச்சோர்வு நோயே கண்டிராத 231 பெண்களை எட்டு ஆண்டுகள் கவனித்தனர். அவர்களிடத்தே சோர்வுக் குறிகள் மிகும் வாய்ப்பு, மாறுதல் காலத்தில் முன்னிருந்ததைப் போல் நான்கு மடங்காயிற்று என 2006இல் வெளியிட்டனர். அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. இறுதி மாதவிடாய் கழிந்த இரண்டாம் ஆண்டு முதல் அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே சென்றது. மனக்கலக்கத்தைப் பொறுத்தவரையிலும், முன்பு கலக்கம் மிகுதியாக இல்லாதிருந்த பெண்களிடத்தே மாறுதல் காலத்தில் அது புதிதாக மிகக்கூடும் என்பது தெரியவந்துள்ளது.

இதனின்று பெறப்படுவது யாது? 'வயதின் கோளாறு' என்னும் கூற்று, மாறுதல் நிகழும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஓரளவு பொருந்தும். ஐம்பத்தைந்திலும் அறுபதிலும் ஒரு பெண் சோர்ந்து கிடந்தால் அதற்கு மாதவிடாய் நின்றதைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அவளுடைய மனச்சோர்வுக்கு வேறு காரணம் தேடுதல் வேண்டும். 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை வரிசையும் இவ்வாறே கூறிற்று. மாதவிடாய் நிற்றல் எல்லாப் பெண்களுக்கும் மனநோயைத் தருவதாகச் சான்றில்லை. முன்னர் ஒருமுறை மனச்சோர்வு கண்டவர், இரவு வியர்வையால் உறக்கம் இழந்தவர், அக்காலத்தில் வாழ்க்கைத் துன்பம் நேர்ந்தவர் ஆகியோரே மிகுந்த இடருக்கு உள்ளாவோர்.

இந்தியாவைப் பற்றிய பழைய ஆராய்ச்சி ஒன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மார்ஷா ஃபிளின்ட் என்னும் அமெரிக்க மானிடவியலார், இராஜஸ்தானத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் 483 இராஜபுத்திரப் பெண்களைக் கண்டு பேசி, மாதவிடாய் நின்றது தவிர வேறு துன்பம் எதனையும் அவர்களுள் மிகச் சிலரே கூறினர் என்று 1975இல் எழுதினார். மாதவிடாய் நின்றதும் முகத்திரை முதலிய கட்டுப்பாடுகள் தளர்ந்து, அவர்களுக்கு வீட்டில் மதிப்பு உயர்ந்தமையே காரணம் என்பது அவர் கருத்து. இக்கருத்தைக் கொண்டு இந்தியப் பெண்களுக்கு இத்துன்பமே இல்லையென வாதிப்பாரும் உளர். அது மிகைப்பட்ட முடிவு. பின்னர் இந்தியாவின் பல பகுதிகளில் கேட்டறிந்தபோது வெப்ப அலை, மூட்டுவலி, உறக்கமின்மை ஆகியவற்றைப் பெண்கள் தாராளமாகவே கூறினர். ஆயினும் ஃபிளின்ட் கண்டதில் ஓர் உண்மை நிலைக்கிறது: மாதவிடாய் நின்றபின் ஒரு பெண்ணுக்கு வீட்டில் என்ன இடம் கிடைக்கிறது என்பது அவளுடைய ஹார்மோன் அளவுக்குக் குறையாத முக்கியத்துவம் உடையது.

எல்லைப்புறத்துப் பெண்ணின் ஐம்பதாம் வயது

அவ்விடம் எத்தகையது என்பதை அறிய, பாறசாலைப் பகுதியின் வாழ்க்கையை நோக்குதல் வேண்டும். இந்தியாவில் 1901க்கும் 1911க்கும் இடையே சராசரி ஆயுட்காலம் 23 ஆண்டுகளே. மாதவிடாய் நிற்கும் வயதை எட்டியோரே சிலர். கேரளப் பெண்களின் ஆயுட்காலம் 2014-18ஆம் ஆண்டுகளின் கணக்குப்படி 77.9 ஆண்டுகள். ஆகவே இறுதி மாதவிடாய்க்குப் பின் முப்பது ஆண்டு வாழ்க்கை இன்று சாதாரணமாகிவிட்டது. அம்முப்பது ஆண்டுகளில் பலவற்றைப் பெண் கைம்மையில் கழிக்கிறாள். கணவன் தன்னினும் மூத்தவனாக இருப்பதும், ஆண்களின் ஆயுட்காலம் குறைவாக இருப்பதும் அதற்குக் காரணங்கள்.

இப்பகுதியின் பழைய தொழில்கள் பனையும் தறியும் கயிறும் முந்திரியும். பனையேறிய கணவன் இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கியவள் மனைவி. பாலராமபுரத்துக் கைத்தறியில் பாவு ஓட்டுவதும் நூல் சுற்றுவதும் பெண்களின் வேலை. பனைத்தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டது; கைத்தறி நலிந்துவிட்டது. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் இயற்றப்பட்ட பின், கேரளத்தில் அவ்வேலைக்கு வந்தோருள் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருந்தனர்; 'தொழிலுறப்பு' என்று வழங்கிய அவ்வேலையில் நடுவயது கடந்தோரே மிகுதி. கூலியைப் பெரிதாகப் பேசுவது வழக்கம். காலையில் பத்துப் பெண்கள் ஒன்றுகூடி நடந்து செல்வதும், நிழலில் அமர்ந்து பொதிச்சோறு உண்பதும் மனநலத்துக்குச் செய்த உதவி கணக்கில் ஏறாதது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அயற்கூட்டங்களும் அத்தகையனவே. முழங்கால் வலியால் வேலைக்குப் போவதை நிறுத்திய பெண், கூலியோடு இந்தக் கூட்டையும் இழக்கிறாள்.

வளைகுடா நாடுகளுக்குச் சென்ற மகன், திருவனந்தபுரத்திலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகள், படுக்கையில் கிடக்கும் மாமியார், குடிப்பழக்கமுள்ள கணவன் ஆகியோர் இவ்வயதுப் பெண்ணின் வாழ்வில் ஒரே காலத்தில் வந்து சேர்கின்றனர். மகளின் முதற்பேற்றுக்குத் துணை நிற்பவளும் மாமியாரின் கழிவை அகற்றுபவளும் ஒருத்தியே. மாதவிடாய் நிற்பது இவற்றுக்கு நடுவே தற்செயலாக நிகழும் ஒரு நிகழ்ச்சி. ஆனால் கண்ணுக்குத் தெரிவதும் நாள் குறிக்கக்கூடியதும் அதுவேயாதலின், பழி முழுவதும் அதன்மேல் சுமத்தப்படுகிறது.

அறுவைச் சிகிச்சையால் கருப்பையோடு சூலகங்களும் அகற்றப்பட்டவர்களைத் தனியே கூறுதல் வேண்டும். இயற்கையில் சில ஆண்டுகள் படிப்படியாக நேரும் மாறுதல் இவர்களுக்கு ஓரிரு நாட்களில் நேர்ந்துவிடுகிறது. வெப்ப அலையும் மனத்தளர்ச்சியும் கடுமையாக வருகின்றன. நாற்பது வயதிற்கு முன்னரே இது நிகழுமாயின் எலும்புத் தேய்வும் இதயநோயும் விரைந்து அணுகும். இத்தகையோர்க்குத் தக்க காரணத்தடை இல்லாவிடின் ஹார்மோன் மருந்து இயற்கை வயது வரை அளித்தல் மருத்துவ முறை. 'கர்ப்பப்பையை எடுத்தாயிற்று' என்று மட்டும் கூறும் பெண்ணிடம், சூலகங்கள் உள்ளனவா அகற்றப்பட்டனவா என்பதை மருத்துவமனைச் சீட்டைப் பார்த்தே அறிய இயலும். அச்சீட்டைப் பத்திரப்படுத்துதல் நன்று.

சொற்களின் சிக்கல்

மாநிலங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கொள்வினை கொடுப்பினை எல்லைக்கோட்டால் நிற்கவில்லை. விளவங்கோட்டில் பிறந்த பெண் பாறசாலையில் வாழ்க்கைப்படுவதும், இங்குப் பிறந்தவள் குழித்துறைக்குச் செல்வதும் இன்றும் வழக்கம். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1969இல், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது. கடிதத்துக்கு உரிமை உண்டு. துயரத்தைச் சொல்வதற்கோ சட்டம் வேண்டியதில்லை, கேட்பவர்க்குச் சொல் விளங்கினால் போதும். அங்கேதான் இடர் உள்ளது.

மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மனவருத்தம்; தமிழில் அச்சொல் குறும்பையும் தீங்கையும் குறிக்கும். 'சங்கடம்' மலையாளத்தில் அழுகை வரத்தக்க துக்கம். தமிழில் இக்கட்டு, அல்லது கூச்சம். 'ஆதி' என்று மலையாளி கூறுவது ஓயாத கவலையை. தமிழர்க்கோ அது தொடக்கம். எதிலும் மனம் செல்லாத நிலையை 'மடுப்பு' என்னும் மலையாளச் சொல் ஒரு மூச்சில் உணர்த்திவிடுகிறது. தமிழில் அதற்கு ஒரு வாக்கியம் வேண்டியுள்ளது. எல்லைப்புறப் பெண்கள் பெரும்பாலோர் இரு மொழியும் அறிந்தவர் என்பது உண்மையே. எனினும் சந்தையில் விலை பேசப் போதுமான மொழி, உள்ளத்தைத் திறக்கப் போதுமானதாக இருப்பதில்லை. கோட்டயத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு செவிலி "விஷமம் உண்டோ?" என்று கேட்க, விளவங்கோட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி "நான் யாருக்கும் ஒரு விஷமமும் செய்ததில்லை" என்று விடை கூறக்கூடும். சிரிப்புக்கு இடமான செய்திதான். ஆனால் அத்தாளில் 'இல்லை' என்னும் கட்டத்தில் குறி விழுந்துவிடும்.

நோயின் பெயர் பற்றியும் ஒரு தடை உண்டு. திருவனந்தபுரத்தின் மனநல மருத்துவமனை 1870இல் நிறுவப்பட்டது. அது அமைந்துள்ள ஊளம்பாறை என்னும் இடத்தின் பெயரே இருமொழியாரிடையும் ஏச்சாக வழங்கி வந்துள்ளது. மனத்துக்கு மருந்து என்றவுடன் அப்பெயர் நினைவுக்கு வருகிறது. ஆகவே பெண் தன் நெஞ்சுப் படபடப்புக்கு இதய மருத்துவரையும், குடைச்சலுக்கு எலும்பு மருத்துவரையும் நாடி, நெய்யாற்றின்கரைக்கும் மார்த்தாண்டத்துக்கும் மாறி மாறிச் சென்று, இரு மாநிலத்துச் சீட்டுகளையும் ஒரே பையில் சேர்க்கிறாள். ஒரு சீட்டை எழுதியவர் மற்றொன்றைக் காண்பதில்லை.

கேட்டறியும் முறை

தேசிய மனநல ஆய்வு 2015-16இல் கேரளமும் தமிழ்நாடும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்தது. வயது வந்தோருள் 2.7 சதவிகிதத்தினர்க்கு அவ்வேளையில் மனச்சோர்வு நோய் இருந்ததாகவும், பெண்களிடத்தும் 40 முதல் 49 வயதினரிடத்தும் அது மிகுந்திருந்ததாகவும் தெரிந்தது. நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவிகிதம் வரையிலான மனநோயாளர் சிகிச்சையே பெறவில்லை. கேரளத்தில் 2022இல் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 28.5, நாடு முழுமைக்கும் 12.4. அவ்வாறு இறந்தோருள் ஆண்களே மிகுதி என்றாலும், சோர்வை அலட்சியப்படுத்துவதன் விளைவு எத்தகையது என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

மாவட்ட மனநலத் திட்டம் திருவனந்தபுரத்தில் 1999இல் தொடங்கிற்று. அதன்படி மனநல மருத்துவர் குழு குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் வந்து நோயாளரைக் காண்கிறது. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ், குடும்ப சுகாதார நிலையங்களில் 'ஆஸ்வாசம்' என்னும் பெயரால் மனச்சோர்வுக்கான பிரிவுகள் ஏற்பட்டன. பயிற்சி பெற்ற செவிலியர் அங்கே ஒன்பது கேள்விகள் அடங்கிய பி.எச்.கியூ-9 என்னும் தாளைக் கொண்டு நோயை அறிய முயல்கின்றனர். தமிழிலும் மலையாளத்திலும் அத்தாள் உண்டு.

அதன் அமைப்பு எளிது. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு குறியும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நோய் இருக்கலாம் எனக் கொண்டு மருத்துவர் ஆராய வேண்டும். மாதவிடாய் மாறுதலில் உள்ள பெண்ணிடம் இதனைப் பயன்படுத்தும்போது ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. உறக்கக் கேடு, களைப்பு, பசியின் மாறுதல், கவனக்குறைவு ஆகிய நான்கு கேள்விகளுக்கும் இரவு வியர்வையே 'ஆம்' என்று விடை கூறச் செய்துவிடும். எடுத்துக்காட்டாக, ஒருத்தி உறக்கத்துக்கு 3, களைப்புக்கு 3, கவனத்துக்கு 2 என 8 பெறுகிறாள். பேரனைக் கொஞ்சுவதிலும் கோவில் விழாவிலும் அவளுடைய மகிழ்ச்சி குறையவில்லை. மற்றொருத்தி எதிலும் நாட்டமின்மைக்கு 3, மனத்தாழ்வுக்கு 3, தன்னைத் தானே இழிவாக எண்ணுவதற்கு 2, உறக்கத்துக்கு 1 என 9 பெறுகிறாள். எண்ணளவில் இருவரும் ஏறக்குறைய ஒருவரே. முன்னவளுக்கு வேண்டுவது இரவு வியர்வைக்குப் பரிகாரம்; பின்னவள் பத்தை எட்டாவிடினும் மனச்சோர்வின் வாயிலில் நிற்பவள். கூட்டுத்தொகையை மட்டும் நோக்குவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுவர்.

ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் அல்லது தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' என்று விடை வந்தால் மொத்த எண் எதுவாயினும் அன்றே மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். இதனைக் கேட்பதால் இல்லாத எண்ணம் தோன்றிவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. கேள்வியைத் தயங்கி விழுங்கும் குரலில் கேட்டால் மட்டும் உண்மையான விடை வராது. மாமியார் அல்லது மகன் அருகில் நிற்கும்போதும் வராது.

மனநோய் என முடிவு கட்டுமுன் சில சோதனைகள் இன்றியமையாதன. தைராய்டு சுரப்பி மந்தமானால் சோர்வும் உடற்பருமனும் மறதியும் தோன்றி மனச்சோர்வைப் போலவே காட்டும். இவ்வயதுப் பெண்களிடத்து அது அரிதன்று. அந்தச் சுரப்பி மிகையாகச் செயற்பட்டாலோ படபடப்பும் வியர்வையும் மனக்கலக்கம்போல் தோன்றும். இரத்தசோகை, சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றையும் இரத்தச் சோதனையால் அறியலாம். மனக்கலக்கத்தால் வரும் படபடப்பு என்று எண்ணி இதய நோயைக் கவனியாது விடுவதும் தவறே.

சிகிச்சை

மருந்தில்லாச் சிகிச்சைக்கு இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. விக்ரம் பட்டேல் முதலியோர் கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மனநலப் பட்டம் எதுவும் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை நோயாளரைக் கண்டு பேசினர். பயன் தரும் செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்வதே அப்பேச்சின் சாரம். மூன்று மாதத்தில் அவ்வாறு உதவி பெற்றோருள் 64 சதவிகிதத்தினர் குணமாயினர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 39 சதவிகிதத்தினர். சோர்ந்தவள் உற்சாகம் வந்தபின் எழுந்து நடப்பாள் என்று காத்திருப்பதற்கு மாறாக, நடந்தபின் உற்சாகம் வரும் என்பது இம்முறையின் அடிப்படை. தாய்மொழியில் பேசும் அண்டைவீட்டுப் பெண்ணொருத்தியே ஆலோசகராக முடியும் என்பதனால் எல்லைப்புறத்துக்கு இது மிகப் பொருந்தும்.

நோய் கடுமையாக இருப்பின் மருந்து வேண்டும். செரோட்டோனின் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் முதலியன விலை மலிந்தவை. இவற்றின் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ அமைதியின்மையோ தோன்றலாம். பலர் இவ்விடத்திலேயே மருந்தை விட்டுவிடுகின்றனர். இவை போதைப்பழக்கம் உண்டாக்குவன அல்ல. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரக்கூடுமாதலால் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். வயது முதிர்ந்தோர்க்கு இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும் என்பதையும் மருத்துவர் கவனிப்பர். வென்லஃபாக்சின் என்னும் மருந்து வெப்ப அலைகளையும் தணிப்பதால், இரண்டும் உடையோர்க்கு ஒன்றே போதுமாகலாம். மாறாக, உறக்க மாத்திரைகளே பழக்கத்துக்கு இழுப்பவை. கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி உண்போர், நள்ளிரவில் எழும்போது தடுமாறி விழுகின்றனர். எலும்பு தேய்ந்த வயதில் அவ்வீழ்ச்சி இடுப்பெலும்பு முறிவாக முடிகிறது.

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி மக்களிடையே அளவு கடந்த நம்பிக்கையும் அளவு கடந்த அச்சமும் மாறி மாறி இருந்து வந்துள்ளன. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆராய்ச்சியின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் முதலிய தீங்குகள் மிகுந்தமையால் 2002இல் இடையில் நிறுத்தப்பட்டது. அதில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பது அன்று போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை. அறுபது வயதுக்கு உட்பட்டு, மாதவிடாய் நின்று பத்து ஆண்டு கடவாதவர்க்கு, கடும் வெப்ப அலைகளைத் தணிக்க இம்மருந்து நன்மையே மிகுத்துச் செய்யும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மனச்சோர்வைப் பொறுத்தவரை, மாறுதல் நிகழும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சிலர்க்கு உதவுகிறது. மாதவிடாய் நின்று பல ஆண்டு கழிந்தவர்க்கு உதவுவதாகச் சான்றில்லை. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, கல்லீரல் நோய் கண்டவர்க்கு இது விலக்கு.

திருவனந்தபுரம் வரை செல்ல இயலாதவர்க்குத் தொலைபேசி வழியும் உண்டு. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசாங்கம் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை; இரவும் பகலும் இயங்கும். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். எல்லையோரத்தில் கைப்பேசி சில வேளை அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளுமாதலால், எவ்வூர் என்பதையும் எம்மொழி வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நலம்.

சுகாதார நிலையத்துக்குச் செல்லும் பெண் தன்னுடன் கொண்டுசெல்ல வேண்டியவை மிகச் சில: இரு மாநிலத்து மருத்துவமனைகளிலும் பெற்ற சீட்டுகள் அனைத்தும், உண்ணும் மாத்திரைகளின் உறைகள், கடைசியாக மாதவிடாய் கண்ட மாதம், இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று இரண்டு வாரத்துக்குக் குறித்த தாள். எழுதத் தெரியாதவர் நாட்காட்டியில் கோடு இட்டாலும் போதும். மருந்து தொடங்கப்பட்டால், நலம் தோன்றிய பின்னும் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை அதனைத் தொடர்தல் வேண்டும். முன்னர் நோய் கண்டவராயின் இன்னும் நீண்ட காலம். விழாவுக்கோ பேற்றுக்கோ தாய்வீடு செல்லும்போது எல்லைக்கு அப்பால் மருந்து தீர்ந்துவிடுவது இங்கு அடிக்கடி நேரக்கூடியது. அதனால், புறப்படுவதற்கு முன்னரே அடுத்த மாத மருந்தையும் பெற்றுக்கொள்ளுமாறு செவிலியர் நினைவூட்டுதல் வேண்டும்.